மகனுக்கு எழுதிய நீதி

கி.மு. 43, டிசம்பர் 7. இத்தாலியின் ஃபார்மியே கடற்கரையை நோக்கிப் பல்லக்கில் போய்க்கொண்டிருந்த 63 வயது முதியவரைக் கொலையாளிகள் வழிமறித்தார்கள். அவர் தப்பி ஓடவில்லை, கழுத்தை நீட்டினார். ஆன்டனியைக் கண்டித்து 14 உரைகள் எழுதிய சிசரோவின் தலையும் கையும் ரோமாபுரியின் சொற்பொழிவு மேடையில் பார்வைக்கு வைக்கப்பட்டன.

அவர் வெறும் அரசியல்வாதியாக இருந்திருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். கி.மு. 45இல் பிரசவத்தை அடுத்து மகள் துல்லியா இறந்தாள். சீசரின் ஆட்சியில் செனட்டிலும் அவருக்கு வேலை இல்லை. துக்கத்தை மறக்க எழுத உட்கார்ந்தார். முதுமை, நட்பு, கடமை என்று நூல்கள் வரிசையாக வந்தன.

நட்பைப் பற்றிய நூல் ஆருயிர் நண்பர் அட்டிகஸுக்கு. நண்பனே கேட்டாலும் தகாததைச் செய்யலாகாது என்பது அதன் சாரம். கடமைகளைப் பற்றியது ஏதென்ஸில் படித்துவந்த மகன் மார்க்கஸுக்கு. தடுக்க முடிந்தும் அநீதியைத் தடுக்காதவனும் குற்றவாளியே என்கிறார் அதில்.

சிசரோவும் மாசற்றவர் அல்ல. கி.மு. 63இல் கன்சலாக இருந்தபோது சதிகாரர்கள் ஐவரை விசாரணையின்றிக் கொல்லவைத்தவர். ஆனால் கடைசியில், சொன்னபடி நின்றார். எந்தக் கட்சியிலும் சேராத அட்டிகஸோ கி.மு. 32 வரை வாழ்ந்தார். இருவரில் யார் விவேகி?

குடிக்குப் பேர்போன மகன் கி.மு. 30இல் கன்சல் ஆனான். ஆன்டனியின் சிலைகள் அகற்றப்பட்டது அவன் பதவிக்காலத்தில்தான்.