பாட்டியின் கல்யாண கவுனும் ‘நாட் கிவன்’ கேள்வியும்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் செப்டம்பர் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதிகள் நெருங்குகின்றன. இந்த வாரக் கடிதக் கட்டில் ஐஇஎல்டிஎஸ் ரீடிங் பற்றிய புலம்பல்தான் அதிகம். “வார்த்தை எல்லாம் தெரியும், இலக்கணமும் தெரியும். ‘நாட் கிவன்’ மட்டும் தப்பாகிறது.” தேர்வு என்ன, பணம் எங்கே கட்டுவது என்பதெல்லாம் எழுதியவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நேராக முடிச்சுக்குப் போகலாம்.

அகாடமிக் ரீடிங் பகுதிகள் பொது வாசகருக்காக எழுதப்பட்டவை, துறை அறிவு தேவையில்லை என்கிறார்கள் தேர்வை நடத்துபவர்கள். துறை அறிவு தேவையில்லைதான். அந்தப் பொது வாசகர் எந்த ஊர்க்காரர் என்பதை மட்டும் சொல்வதில்லை.

மார்கரெட் ஸ்டெஃபென்சன், சித்ரா ஜோக்-தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் மூவரும் 1979இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டு கடிதங்கள்: ஒன்று அமெரிக்கக் கல்யாணம் பற்றியது, மற்றது இந்தியக் கல்யாணம் பற்றியது. இரண்டையும் இந்தியர்களும் அமெரிக்கர்களும் படித்தார்கள். அவரவர் ஊர்க் கல்யாணத்தை அவரவர் வேகமாகப் படித்தார்கள், அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். சுவாரசியம் தவறுகளில் இருக்கிறது.

அமெரிக்க மணப்பெண் தன் பாட்டியின் கல்யாண கவுனை அணிந்திருந்தாள். அங்கே அது பெருமை. படித்த இந்தியர் ஒருவருக்கோ உடை பழசு, பாணி போனது என்று நினைவில் தங்கியது. முகூர்த்தத்துக்குப் பழம்புடவை கட்டி யார் மணமேடைக்கு அனுப்புவார்கள்? அமெரிக்கர்களும் சளைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கான சீர் விவகாரம் அவர்களுக்குச் சாதாரண அன்பளிப்பாகிப்போனது. ஆங்கிலம் யாரையும் கைவிடவில்லை. கடிதத்தில் விட்டுப்போன இடங்களை அவரவர் வீட்டுச் சாமானைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

இப்போது இதையே கேள்வியாக்குங்கள்: ‘மணப்பெண்ணின் உடை பாணி போனதாக இருந்தது.’ கடிதம் சொல்வது பாட்டியின் உடை என்பதை மட்டுமே. விடை ‘நாட் கிவன்’. நம் கை ‘ட்ரூ’வுக்குப் போகும். எழுதியவர் எங்கே நிறுத்தினார், நீங்கள் எங்கே ஆரம்பித்தீர்கள் என்று கண்டுபிடிக்கும் கேள்வி இது. கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 60 நிமிடத்தில் 3 பகுதிகள், 40 கேள்விகள். அந்தப் பண்பாட்டில் வளர்ந்தவருக்குத் தப்பான ஊகமும் குறைவு, படிக்கும் நேரமும் மிச்சம். ‘பொது வாசகர்’ என்ற சொல் இந்தச் சலுகையை மூடி மறைக்கிறது.

கோச்சிங் சென்டர்கள் தரும் மருந்து வேகமாக மேயும் உத்தி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜல்லிக்கட்டு பற்றி வெளிநாட்டாருக்காக எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை எடுங்கள். தமிழருக்கு எழுதியிருந்தால் தேவைப்படாத வரிகளை அடிக்கோடிடுங்கள். அந்த அளவு விளக்கம் உங்களுக்கும் தேவைப்படும் இடங்கள் அவர்கள் கட்டுரைகளில் இருக்கின்றன, அடிக்கோடுதான் இருக்காது. அடுத்து, அமெரிக்கரின் தேங்க்ஸ்கிவிங் விருந்தைப் பற்றிப் படியுங்கள். தோன்றும் ஒவ்வொரு ஊகத்துக்கும் பக்கத்தில் ‘தாளில் இருக்கிறதா, என் தலையில் இருக்கிறதா’ என்று குறியுங்கள். வேற்று நாட்டு நண்பர் இருந்தால் இருவரும் ஒரே கட்டுரையைச் சுருக்கி எழுதி மாற்றிப் பாருங்கள். நான் கண்டவரை, சண்டை வரும் இடமெல்லாம் ‘நாட் கிவன்’ ஒளிந்திருக்கும் இடம்.

மற்ற கேள்விகள்:

7 பேண்டுக்கு எத்தனை சரியாக வேண்டும்? 40இல் சுமார் 30.

தப்புக்கு மார்க் கழிப்பார்களா? இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

‘ட்ரூ–ஃபால்ஸ்’, ‘யெஸ்–நோ’ இரண்டும் ஒன்றா? முன்னது தகவலுக்கு, பின்னது எழுதியவரின் கருத்துக்கு.

பழைய மதிப்பெண் செல்லுமா? பொதுவாக இரண்டு ஆண்டுகள்வரை.