மிட்வே கடற்போரும் நம் தோட்டங்களும்

சிலாங்கூர் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோருள், "ஜப்பான்காரன் காலம்" என்ற சொல்லைக் கேளாதவர் இலர். மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்ததையும், வாழைமர நோட்டு வெற்றுத் தாளாகிப் போனதையும், சயாமுக்குச் சென்ற தந்தையோ தமையனோ திரும்பி வராததையும் நம் முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். ஆனால், அத்துன்பங்களுள் சிலவற்றிற்கும், இங்கிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் பசிபிக் பெருங்கடலில் நடந்த ஒரு கடற்போருக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறியார். அப்போரே 1942ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடந்த மிட்வே போராகும்.

ஆறு மாத வெற்றி

1941 டிசம்பர் 7ஆம் நாள், ஜப்பானிய விமானங்கள் ஹவாய்த் தீவுகளிலுள்ள பெர்ல் துறைமுகத்தைத் தாக்கி, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பலவற்றை அழித்தன. அதே வேளையில் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. இந்நாட்டைக் காக்க வந்த பிரிட்டிஷாரின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்னும் இரு பெரும் போர்க்கப்பல்களும் டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன.

ஏப்ரல் மாதத்தில் அட்மிரல் நகுமோவின் கடற்படை இந்துமாக்கடலுக்குள் நுழைந்து கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியது. அடுத்து சென்னை தாக்கப்படும் என்று அஞ்சி, அந்நகர மக்கள் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். நம் உறவினர் வாழ்ந்த ஊர்களிலும் போரச்சம் பரவிய காலம் அது.

இவ்வெற்றிகளுக்கெல்லாம் அடிப்படையாக இருந்தவை விமானந்தாங்கிக் கப்பல்களாகும். விமானங்கள் ஏறி இறங்கும் தளத்தைத் தன் மேல் கொண்ட இத்தகைய கப்பல், கடலில் நகரும் விமான நிலையம் போன்றது. அதனை உடையவர் எதிரியைக் கண்ணால் காணாமலேயே தொலைவிலிருந்து தாக்க முடியும்.

மிட்வேயில் நடந்தது என்ன?

ஹவாய்க்கு வடமேற்கே ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த சிறு தீவுக்கூட்டம் மிட்வே. அதனைத் தாக்கினால் அமெரிக்காவின் எஞ்சிய கப்பல்கள் அதைக் காக்க வரும்; அப்பொழுது அவற்றையும் அழித்துவிடலாம் என்பது ஜப்பானிய அட்மிரல் யமமோட்டோவின் திட்டம்.

ஆயின் ஜப்பானியரின் மறைமொழிச் செய்திகளை அமெரிக்கர் ஓரளவு படித்தறிந்து வந்தனர். தாக்கப்படவிருந்த இடம் 'ஏ.எஃப்.' என்னும் குறியெழுத்துகளால் சுட்டப்பட்டிருந்தது. அது மிட்வேதானா என்பதை அறிய அவர்கள் ஓர் உபாயம் செய்தனர். மிட்வேயில் குடிநீர் வடிக்கும் இயந்திரம் பழுதடைந்துவிட்டது என்று வெளிப்படையாக வானொலியில் அறிவிக்கச் செய்தனர். சில நாட்களுக்குள், "ஏ.எஃப்.இல் குடிநீர்த் தட்டுப்பாடு" என்ற ஜப்பானியச் செய்தி அகப்பட்டது. ஐயம் தீர்ந்தது. அட்மிரல் நிமிட்ஸ் தம் மூன்று விமானந்தாங்கிக் கப்பல்களையும் முன்னதாகவே அனுப்பிக் காத்திருந்தார். அவற்றுள் ஒன்றான 'யார்க்டவுன்', மே மாதப் பவளக் கடற்போரில் பெரிதும் சேதமுற்றிருந்தது. மூன்று மாதம் பிடிக்கும் என்று கருதப்பட்ட பழுது வேலையைத் தொழிலாளர் இரவு பகலாக உழைத்து, மூன்றே நாட்களில் கப்பலைப் போருக்கு ஏற்றதாக்கினர்.

ஜூன் 4ஆம் நாள் காலையில் போர் மூண்டது. தாழப் பறந்து தாக்க வந்த அமெரிக்க விமானங்களுள் பெரும்பாலானவை சுட்டு வீழ்த்தப்பட்டன. எனினும், அவற்றைத் துரத்துவதற்காக ஜப்பானியக் காவல் விமானங்கள் கீழே இறங்கியிருந்தன. அத்தருணத்தில் வேறு அமெரிக்க விமானங்கள் மிக உயரத்திலிருந்து பாய்ந்து குண்டு வீசின. ஜப்பானியக் கப்பல்களின் உட்தளங்களில் எரிபொருள் நிரப்பிய விமானங்களும் குண்டுகளும் நிறைந்திருந்தமையால், சில நிமிடங்களிலேயே 'அக்காகி', 'காகா', 'சோர்யூ' ஆகிய மூன்று கப்பல்களும் தீப்பிழம்பாயின. அன்று மாலை 'ஹிர்யூ'வும் அதே கதியை அடைந்தது.

அமெரிக்கர் 'யார்க்டவுன்' கப்பலை இழந்தனர். ஜப்பானியர் பக்கம் 3,000க்கும் மேற்பட்டோரும், அமெரிக்கர் பக்கம் 300க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். மூழ்கிய நான்கு ஜப்பானியக் கப்பல்களும் பெர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு கப்பல்களைச் சேர்ந்தவை. அவற்றிற்கு ஈடான கப்பல்களை விரைந்து கட்டும் ஆற்றல் ஜப்பானுக்கு இல்லை, அமெரிக்காவுக்கு இருந்தது. ஆகவேதான் இப்போரைப் பசிபிக் யுத்தத்தின் திருப்புமுனை என்கிறோம்.

கடல்வழி அடைபட, காட்டுவழி திறந்தது

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப, மலாயாத் தீபகற்பத்தைச் சுற்றி ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் கடல்வழிச் செல்ல வேண்டியிருந்தது. கடல் ஆதிக்கம் தளரத் தொடங்கியதும் அவ்வழி ஆபத்தானதாயிற்று. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இரயில் பாதை பற்றி ஜப்பானியர் முன்பே ஆராய்ந்திருந்தனர். மிட்வே தோல்விக்குப் பின், அதே ஜூன் மாதத்தில், அதனைக் கட்டும் ஆணை பிறந்தது. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது.

அக்காலத்தில் நம் தோட்டங்களின் நிலை என்ன? ரப்பரை வாங்கிய மேல்நாட்டுச் சந்தைகள் அற்றுப் போனமையால் பால்மரங்கள் வெட்டப்படாமல் நின்றன. வேலையும் இல்லை, வெளிநாட்டு அரிசியும் போதிய அளவில் வரவில்லை. நல்ல கூலி, குறுகிய கால வேலை என்ற வாக்குறுதியை நம்பிச் சிலர் சென்றனர். சென்றவர் திரும்பாத செய்தி பரவிய பின்னர், கட்டாயப்படுத்திப் பிடித்துச் செல்லலாயினர். இலவசப் படக்காட்சி என்று அழைத்து, கதவை அடைத்து ஆட்களைப் பிடித்த நிகழ்ச்சிகளும் முதியோர் நினைவுகளில் பதிவாகியுள்ளன.

அவர்கள் சரக்கு வண்டிகளில் நெருக்கி ஏற்றப்பட்டு, நாட்கணக்கில் வடக்கு நோக்கிக் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றவர்கள் 75,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். மலாய்க்காரரும் சீனரும்கூட இத்துன்பத்திற்கு ஆளாயினர். மனிதர் மட்டுமல்லர், நம் நாட்டுக் கிழக்குக்கரை இரயில் பாதையின் தண்டவாளங்களும் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டன.

1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம்களில் பரவியது. போர்க்கைதிகளிடையே மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்து, தூய்மை விதிகளைக் கடைப்பிடிக்கச் செய்தனர். தோட்டத் தொழிலாளருக்கோ அத்தகைய துணை பெரும்பாலும் கிட்டவில்லை. 1943 அக்டோபரில் பாதை நிறைவுற்றது. ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது.

மோரிப் கரையில் முடிவு

போரின் இறுதியில் கோலாலம்பூரும் குண்டுவீச்சுக்குத் தப்பவில்லை. 1945 மார்ச் 10ஆம் நாள், இரயில் நிலையப் பகுதியைக் குறிவைத்து வந்த நேசநாட்டு விமானங்களின் குண்டுகள், பிரிக்பீல்ட்ஸுக்கு அண்மையில் இருந்த சிலாங்கூர் அரும்பொருளகத்தைச் சிதைத்தன. இன்று தேசிய அரும்பொருளகம் நிற்பது அவ்விடத்தில்தான். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் படைகள், கிள்ளானுக்குத் தெற்கே உள்ள மோரிப் கடற்கரையில் வந்திறங்கின. கடல்வழி மீண்டும் திறந்தது.

ஆயினும் பல லயத்து வீடுகளின் கதவுகள், வாராதவருக்காகத் திறந்தே இருந்தன. காஞ்சனபுரியிலுள்ள போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. நம்மவர் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. அண்மை ஆண்டுகளில்தான் அவர்கள் நினைவாக அங்கு ஒரு நடுகல் எழுப்பப்பட்டது.

மிட்வேயில் மூழ்கிய கப்பல்களின் பெயர்களை உலகம் அறியும். சயாம் காட்டில் மடிந்தோரின் பெயர்களை அவரவர் குடும்பமே அறியும். அப்பெயரையும், அவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையும், சென்ற ஆண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவது நம் கடமையாகும். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. எழுதி வைக்காவிடில், அந்தப் பெயர்களும் அவற்றோடு மறைந்துவிடும்.