காப்பகத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆயாவை

நிலக்கோட்டைச் சந்தைக்கு வரும் மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். அதனால் பூ எடுக்கப் போகும் பெண்கள் வெயில் ஏறுவதற்கு முன்பே தோட்டத்தில் நிற்கிறார்கள். சிப்காட் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் வேலை பார்க்கும் பெண்கள் ஷிப்டுக்கு ஏற்ப வண்டி ஏறுகிறார்கள். கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கவலை இரு தரப்புக்கும் ஒன்றுதான். முன்பு அப்பத்தாவோ அம்மாச்சியோ பார்த்துக்கொண்டார்கள். இப்போது பல வீடுகளில் அவர்களும் வேலைக்குப் போகிறார்கள்; இல்லையென்றால் வேறு ஊரில் இருக்கிறார்கள். அதனால்தான் சிறு ஊர்களிலும் குழந்தைகள் காப்பகத்தைத் தேடும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். எதைப் பார்த்துச் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம்.

ஒன்றரை ஆண்டு இடைவெளி

சட்டப்படி சம்பளத்துடன் கிடைக்கும் மகப்பேறு விடுப்பு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதாவது ஆறு மாதம். அங்கன்வாடியில் குழந்தையைப் பகலில் விட்டுவர இரண்டு வயது ஆக வேண்டும். அதற்கு முன் சத்துமாவு வீட்டுக்குக் கிடைக்குமே தவிர, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காது. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையிலான இந்த ஒன்றரை ஆண்டில்தான் குழந்தை தவழ்கிறது, நடக்கிறது, கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் போடுகிறது, பேசத் தொடங்குகிறது. கண்காணிப்பு மிக அதிகமாகத் தேவைப்படும் காலம் இது. தினக்கூலிக்குப் பூ எடுக்கும் தாய்க்கோ சம்பளத்துடன் விடுப்பு என்ற பேச்சே இல்லை.

இந்தக் குறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. 1969இல் டெல்லியில் கட்டட வேலை நடந்த இடத்தில் புழுதியில் கிடந்த கூலித் தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்து மீரா மகாதேவன் தொடங்கியதுதான் ‘மொபைல் கிரஷஸ்’ அமைப்பு. ‘கிருத்திகா’ என்ற பெயரில் தமிழில் எழுதிய மதுரம் பூதலிங்கத்தின் மகள் மீனா சுவாமிநாதன், 1970களின் தொடக்கத்தில் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி ஆராய்ந்த அரசுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அதன் தொடர்ச்சியாக 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் வந்தது. நாம் பால்வாடி என்று அழைக்கும் அங்கன்வாடி அந்தத் திட்டத்தில் இயங்குவதே. ஊட்டச்சத்தில் அது நிறையச் சாதித்தது. தாயின் வேலை நேரம் முழுவதும் கைக்குழந்தையைக் கவனிக்கும் இடமாக மட்டும் இன்னும் மாறவில்லை.

கேட்டுப் பெற வேண்டியவை

காப்பகம் தேடி அலையும் முன் வேலை செய்யும் இடத்தில் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்பது 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த விதி. ஆண், பெண் எல்லோரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரவும் அனுமதிக்க வேண்டும். ஓய்வு இடைவேளையும் இந்த நான்கில் அடங்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இது பெரிய விஷயம்.

‘பால்னா’ என்ற மத்திய அரசுத் திட்டத்தில், அங்கன்வாடியுடன் சேர்ந்த காப்பகங்களுக்கு இடமுண்டு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளை இதில் சேர்க்கலாம். உங்கள் பகுதிக்கு அத்தகைய மையம் உண்டா, இல்லையென்றால் எப்போது வரும் என்று வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு தெருவிலிருந்து பத்துப் பேர் கையெழுத்திட்ட மனுவாக இருந்தால் தேவை கண்ணுக்குத் தெரியும்.

ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தை?

தனியார் காப்பகம்தான் வழி என்றால், சுவரில் வரைந்த பொம்மைகளையும் வாசலில் தொங்கும் ஆங்கிலப் பலகையையும் கடந்து உள்ளே போய் முதலில் ஆட்களை எண்ணுங்கள். நிறுவனங்களின் காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர், மூன்று முதல் ஆறு வயது வரை 20 குழந்தைகளுக்கு ஒருவர் என்று அளவு வைக்கிறது. இங்கிலாந்தில் இரண்டு வயது நிறையாத மூன்று குழந்தைகளுக்கே ஒருவர் வேண்டும். இரண்டையும் வைத்துப் பார்த்தால் நம் அளவு தாராளமானது. அதையும் தாண்டிக் கூட்டம் சேர்க்கும் இடத்தில் கைக்குழந்தையை விடக் கூடாது.

எண்ணும்போது கவனம் தேவை. சமைப்பவர், கணக்கு எழுதுபவர், வேனில் போகும் உதவியாளர் ஆகியோரையும் பராமரிப்பாளர் கணக்கில் சேர்த்துச் சொல்வார்கள். குழந்தைகளோடு அறைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணுங்கள்.

அடுத்து, ஆயா எத்தனை நாளாக அங்கே வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறினால், குழந்தை பழகிய முகத்தை மீண்டும் மீண்டும் இழக்கிறது. அமெரிக்காவில் 1991 முதல் 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றும், குழந்தையின் அழுகைக்கும் பேச்சுக்கும் பெரியவர் எப்படி முகம் கொடுக்கிறார் என்பதைத்தான் பராமரிப்புத் தரத்தின் மையமாக வைத்தது. நல்ல காப்பகத்தில் வளர்ந்த குழந்தைகள் மொழியில் ஓரளவு முன்னே இருந்தார்கள். வீட்டின் பங்கு அதைவிடப் பெரிது என்பதும் அதில் தெரிந்தது.

மதியம் போய்ப் பாருங்கள்

காலை பத்து மணிக்குப் போனால் எந்தக் காப்பகமும் அழகாகத்தான் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். சோறு ஊட்டும் ஆயா குழந்தையின் முகத்தைப் பார்த்து, வாயில் இருப்பதை விழுங்கியதும் அடுத்த வாய் கொடுக்கிறாரா? ஒரே கரண்டி நான்கு வாய்க்குப் போகிறதா? ஒரு குழந்தை உடையிலேயே போய்விட்டால் அதட்டுகிறாரா, கழுவித் துடைத்து மாற்றுகிறாரா? மாற்றிய பின் தன் கையை சோப்புப் போட்டுக் கழுவுகிறாரா?

தூங்கும் நேரத்தையும் பாருங்கள். பாயில் பத்துக் குழந்தைகள் படுத்திருக்க, பெரியவர்கள் எல்லோரும் வெளியே சாப்பிடப் போய்விட்டால் அந்த இடம் வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும். மாலையில் அழைத்துவரும்போது குழந்தை நாள்தோறும் மந்தமாகவே இருந்தால், தூங்க வைக்க ஏதும் சிரப் கொடுக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள். பெற்றோர் எந்த நேரத்திலும் சொல்லாமல் வரலாம் என்ற ஒப்புதல் கட்டாயம் வேண்டும். அதைத் தர மறுக்கும் காப்பகத்தில் மற்ற வசதிகளைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

தண்ணீர், தீ, தின்பண்டம்

தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊர் என்பதால் கட்டடத்தில் தரைத்தொட்டியும் குளியலறையில் நிரப்பி வைத்த வாளிகளும் இருக்கும். தவழும் குழந்தை மூழ்கிப்போக ஒரு வாளித் தண்ணீரே போதும். தொட்டி மூடியைக் காலால் தள்ளிப் பாருங்கள், அசைந்தால் சொல்லுங்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். கூரைச் சமையற்கூடத்தில் பற்றிய தீயிலிருந்து பிள்ளைகளால் வெளியேற முடியவில்லை. ஆகவே காப்பகம் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். வெளியேற இரண்டு வழி வேண்டும். அடுப்பும் சிலிண்டரும் குழந்தைகள் இருக்கும் அறையை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.

முழு வேர்க்கடலை, முழு திராட்சை, கெட்டி மிட்டாய் ஆகியவை சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவற்றைக் கொடுப்பதில்லை என்று உறுதி கேளுங்கள். சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்கும் காப்பகம் பொறுப்பான காப்பகம்.

முதல் இரண்டு வாரம்

பத்து மாதம் முதல் ஒன்றரை வயது வரை குழந்தைகள் தாயைப் பிரிய மிகவும் அழுவார்கள். அது இயல்பு. முதல் சில நாள் கூடவே உட்கார்ந்து, பிறகு ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று பழக்குங்கள். பராக்குக் காட்டிவிட்டு நழுவிவருவதைத் தவிர்த்து, “அம்மா சாயங்காலம் வந்துருவேன்” என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள். சில வாரங்களில் அழுகை தணிந்து, ஆயாவைக் கண்டதும் குழந்தை கை நீட்ட வேண்டும். மாறாக, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு ஒடுங்கினாலோ, காரணம் சொல்லாத காயம் இருந்தாலோ உடனே நிறுத்துங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது.

கட்டணம் பேசும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். மாதக் கட்டணம் மிகவும் குறைவு என்றால், பெரும்பாலும் அது ஆயாவின் சம்பளத்தில் பிடித்த குறைவுதான். வயிற்றுப்பாட்டுக்கே போதாத சம்பளத்தில் நிற்கும் பெண், நாள் முழுக்க பொறுமையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெற்றோரால் இதற்கு மேல் கொடுக்க முடியாது என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் இருக்கும் தொகையை நிறுவனங்களும் அரசும்தான் ஏற்க வேண்டும். பூச்சந்தையும் கம்பெனிகளும் இந்தத் தாய்மார்களின் உழைப்பில் நடக்கின்றன. அவர்களுடைய குழந்தைகளுக்கு ஒரு நல்ல காப்பகம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.