இரண்டு கடைகள் ஒன்றாகும்போது

நமது சங்க உறுப்பினர்களில் சிலர் தங்கள் கடைகளை இணைத்து ஒரே நிறுவனமாக நடத்த யோசித்து வருகின்றனர். வாடகையும் கூலியும் ஏறிவிட்ட நிலையில் இது நல்ல யோசனைதான். ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆனதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

கரூர் வணிகர்கள் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, நலிவடைந்ததால் 2020 நவம்பர் 27-ஆம் தேதி டி.பி.எஸ். வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. ஆனாலும் வாடிக்கையாளர்களுக்கு எல்லாம் மறுநாளே மாறிவிடவில்லை. பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் 2022 பிப்ரவரி 28 வரை செல்லும் என்று விட்டு வைத்தார்கள். வங்கிக்கே ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. நானோ ஒரே வாரத்தில் முடிக்கப் பார்த்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பருப்பு மண்டியையும் உறவினர் ஒருவரின் மண்டியையும் சேர்த்தோம். எங்களிடம் தவணை 15 நாள், அவரிடம் 30 நாள். இனி எல்லோருக்கும் 15 நாள்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். பிறகு இரண்டு பேரேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் எங்களிடம் 40,000 ரூபாயும் அங்கே 60,000 ரூபாயும் பாக்கி வைத்திருந்தார். தனித்தனியே பார்த்தால் தாங்கக்கூடிய பாக்கி. கூட்டினால் ஒரு லட்சம். இப்படி 11 பேர் இருந்தார்கள். பதறிப்போய் அத்தனை பேருக்கும் சரக்கை நிறுத்தினேன். நாலு பேர் வேறு மண்டிக்குப் போய்விட்டார்கள். அவர்களிடமிருந்த பாக்கியும் போயிற்று.

உறவினரின் கணக்குப்பிள்ளையைக் கேட்டிருந்தால் வழி சொல்லியிருப்பார். யார் அறுவடைக்குப் பின் தருவார், யாரிடம் சந்தை நாளன்று ஆள் அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஏட்டில் அது கிடையாது. வயதில் மூத்த அவரை என் மகனுக்குக் கீழே வேலை பார்க்கச் சொன்னேன். மூன்றாம் மாதம் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் குற்றமில்லை.

ஆகவே இரு கடைத் தவணைகளும் ஆறு மாதமாவது பழையபடியே நடக்கட்டும். இரண்டு இடத்திலும் பாக்கி உள்ளவரை முதலாளிகள் இருவரும் சேர்ந்து நேரில் போய்ப் பார்க்க வேண்டும். புதுச் சரக்குக்கு ரொக்கம், பழைய பாக்கிக்குச் சிறு தவணை என்று பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கடன் கொடுக்கும் அதிகாரம் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். இல்லையேல் அண்ணாச்சி மறுத்ததைத் தம்பியிடம் கேட்டு வாங்கிப் போவார்கள். சம்பளம், முன்பணம், தீபாவளி போனஸ் ஆகியவற்றில் உள்ள வித்தியாசங்களையும் இணையும் முன்பே ஆட்களிடம் பேசி முடித்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. பற்றியும் ஒரு வார்த்தை. பழைய கடையின் கணக்கில் மீதமுள்ள உள்ளீட்டு வரி வரவு புதிய நிறுவனத்துக்குத் தானாக வந்துவிடாது. பழைய கடைக்காரர் ஐ.டி.சி.-02 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பொறுப்புகளும் சேர்ந்து மாறுகின்றன என்பதற்கு ஆடிட்டர் சான்று தேவை. புதிய நிறுவனம் அதை இணையதளத்தில் ஏற்றுக்கொண்ட பிறகே வரவு சேரும். பழைய பதிவை ரத்து செய்ய விண்ணப்பிக்கும் முன் இதை முடித்துக்கொள்ளுங்கள்.