ஸ்டார்டரை மாற்றுமுன் ஏர்த் வயரைப் பாருங்கள்
பழைய லொறி வைத்திருப்போர் கவனத்திற்கு

வியாபாரம் என்றதும் கடையும் கல்லாப்பெட்டியும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தக் கடைக்குச் சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கும் லொறியும் ஒரு வியாபாரமே. தம்புள்ளையிலிருந்து வெங்காயம், கல்பிட்டியிலிருந்து மரக்கறி, பொலன்னறுவையிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் அரிசி என்று இரவோடிரவாக ஓடும் லொறிகள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றில் பல, இருபது முப்பது வருடங்கள் ஓடிய இசுஸு எல்ஃப், மிட்சுபிஷி கென்டர் வகையைச் சேர்ந்தவை.

இந்தப் பழைய லொறிகளை உடனே மாற்றிவிடவும் முடியாது. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 ஆம் ஆண்டில்தான் பரவலாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர் புதிய லொறியின் விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. எனவே இருப்பதைப் பழுதின்றிப் பேணி ஓட்டுவதுதான் இன்று நம்மவர்களுக்கு உள்ள வழி. பல வருடங்களாக லொறிகளுடன் பழகியவன் என்ற வகையில், பணத்தை அதிகம் வீணாக்கும் ஒரு பழுதைப் பற்றி இவ்வாரம் எழுதுகிறேன். அதுதான் ஸ்டார்டர் பழுது.

கீயைத் திருப்பியும் எஞ்சின் சுழலவில்லை என்றால் "ஸ்டார்டர் போய்விட்டது" என்று முடிவு கட்டுவது நமது வழக்கம். உடனே பழையதைக் கழற்றி, பஞ்சிகாவத்தையிலிருந்து ரீகண்டிஷன் செய்த ஒன்றை வாங்கிப் பூட்டுகிறோம். சில நேரம் லொறி ஸ்டார்ட் ஆகிறது. சில நேரம் ஒரு வாரத்தில் அதே பழுது திரும்பி வருகிறது. காரணம், பழுது ஸ்டார்டரில் இருக்கவே இல்லை.

கணக்கு சொல்லும் உண்மை

இது எப்படி என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இந்த வகை லொறிகளில் பெரும்பாலும் 12 வோல்ட் பெட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். டீசல் எஞ்சினின் அமுக்கம் அதிகம். அதைச் சுழற்ற ஸ்டார்டர் சில நூறு அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 300 அம்பியர் ஓடும்போது துருப்பிடித்த ஒரு டேர்மினலில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் இடத்திலேயே 3 வோல்ட் தொலைந்துவிடும். 900 வொட் சூடும் அங்கேயே உண்டாகும். ஏறத்தாழ ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடு அது.

ஒரு கேபிளுக்கு இரண்டு முனைகள். பெட்டரியிலிருந்து ஸ்டார்டருக்கு, இரண்டு பெட்டரிகளுக்கு இடையில், பெட்டரியிலிருந்து செஸிக்கு, செஸியிலிருந்து எஞ்சினுக்கு என்று எண்ணினால் எட்டு இணைப்புகள் வந்துவிடும். இவற்றில் ஏதாவது ஒன்று கெட்டாலும் புத்தம் புதிய ஸ்டார்டர் கூடச் சுழலாது.

சத்தத்தைக் கேளுங்கள்

பாஸைத் தேடி ஓடுமுன் லொறி சொல்வதைக் கேட்க வேண்டும். கீயைத் திருப்பியதும் எந்தச் சத்தமும் இல்லையா? கீ சுவிட்ச், பியூஸ், ரிலே, அவற்றின் மெல்லிய வயர் ஆகியவற்றில் சந்தேகம் கொள்ளுங்கள். டிக் டிக் டிக் என்று வேகமாக அடிக்கிறதா? பெட்டரியில் வலு இல்லை. ஒரே ஒரு 'டக்' சத்தத்தோடு நின்றுவிடுகிறதா? கேபிள், ஏர்த், சொலனொயிட்டின் உள்ளே இருக்கும் செம்புத் துண்டுகள், ஸ்டார்டரின் காபன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஸ்டார்டர் மட்டும் 'விர்' என்று சுற்றி எஞ்சின் சுற்றவில்லையென்றால், அதன் சிறு பற்சில்லோ அதைப் பிடித்திருக்கும் ஒருவழிக் கிளச்சோ தேய்ந்திருக்கும். இந்தக் கடைசி வகைக்குத்தான் ஸ்டார்டரை உடனே கழற்றும் நியாயம் உண்டு.

அடுத்தது லைட் சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு கீயைத் திருப்புங்கள். லைட் மங்கி அணைந்தால் பெட்டரியையோ அதன் டேர்மினலையோ பாருங்கள். லைட் பிரகாசமாகவே இருந்து 'டக்' சத்தம் மட்டும் வந்தால், மின்சாரம் பெட்டரியில் இருக்கிறது, ஸ்டார்டரைச் சுற்றிவிட்டுத் திரும்ப முடியவில்லை என்று பொருள்.

தம்புள்ளையிலிருந்து வந்த அழைப்பு

எமது ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் லீசிங்கில் பழைய லொறியொன்றை எடுத்து ஓட்டுகிறார். ஒருநாள் மாலை, தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் தக்காளியும் போஞ்சியும் ஏற்றி முடித்த நிலையில் லொறி ஸ்டார்ட் ஆகவில்லை. விடியுமுன் பேலியகொடை மெனிங் சந்தையில் சரக்கு இறங்க வேண்டும். நேரம் தவறினால் விலை விழும், தக்காளியும் நசியும்.

"நானா, கீயத் திருப்பினா டக் எண்டு ஒரு சத்தம் மட்டும்தான். இங்க உள்ள பாஸ் ஸ்டார்டர் மாத்தோணும் எண்டு சொல்றாரு. கேக்குற சல்லி மூணு ஹயர் லாபம்" என்றார்.

"அவசரப்படாதீங்க தம்பி. லைட்டப் போட்டுட்டு கீயத் திருப்பிப் பாருங்க" என்றேன்.

லைட் மங்கவில்லை. கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கட்டை வைக்கச் சொன்னேன். பக்கத்து லொறியில் ஜம்ப் வயர் ஒன்றை வாங்கி, ஒரு முனையை பெட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் கொளுவச் சொன்னேன். சாரதி ஆசனத்தில் இருந்து கீயைத் திருப்பியதும் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது.

பழுது, செஸியையும் எஞ்சினையும் இணைக்கும் ஏர்த் பட்டியில்தான் இருந்தது. லைட்டின் ஏர்த் செஸியில் இருப்பதால் லைட் நன்றாக எரிந்தது. ஸ்டார்டரின் ஏர்த் எஞ்சின் வழியாகத் திரும்ப வேண்டும், அந்த வழியைத் துரு மூடியிருந்தது. அவர் எஞ்சினை நிறுத்தி, பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். பிறகு பட்டியின் போல்ட்டைக் கழற்றி, இரு பக்கமும் சாண்ட் பேப்பரால் தேய்த்து, மீண்டும் இறுக்கினார். எல்லாம் அரை மணித்தியால வேலை. சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். மறுநாள் புதிய பட்டி ஒன்றைப் போட்டார்.

அந்த பாஸ் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாததால் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். ஒருவர் கீயைத் திருப்பும்போது, பெட்டரியின் நெகட்டிவ் கம்பத்துக்கும் ஸ்டார்டரின் உடலுக்கும் இடையில் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டை விட அதிகம் காட்டினால் ஏர்த் பாதையில் கோளாறு. பொசிட்டிவ் பக்கத்தையும் இவ்வாறே அளக்கலாம்.

உயிரோடு விளையாட வேண்டாம்

லொறிக்கு அடியில் படுத்து, ஸ்டார்டரின் இரண்டு போல்ட்களை ஸ்பெனரால் தொடுத்து ஸ்டார்ட் செய்யும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெரும்பாலும் கிளீனர் பையனைத்தான் அந்த வேலைக்கு அனுப்புகிறார்கள். கியர் விழுந்திருந்தால் லொறி அந்த நொடியே நகரும். பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை சுழன்றால் போதும், பிடித்துக்கொள்ளும். அடியில் கிடப்பவருக்குத் தப்பும் நேரம் கிடையாது. ஒரு ஹயரை விட ஒரு வீட்டின் பிள்ளை பெரிது. முதலாளிமார் இதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதிலும் கவனம் தேவை. எஞ்சின் ஓடாதபோது பிரேக்கின் உதவி முழுமையாகக் கிடைக்காது, பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். சரக்கு ஏற்றிய லொறியைச் சரிவில் உருட்டுவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

பழுது ஸ்டார்டரிலேயே இருந்தால்

சுத்தியலால் மெதுவாகத் தட்டியதும் ஸ்டார்டர் சுழன்றால், காபன் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம். அன்றைய பயணத்தை முடித்துக்கொள்ளலாம், ஆனால் அடுத்த பயணத்துக்கு அதை நம்பக்கூடாது. காபன், புஷ், சொலனொயிட்டின் செம்புத் துண்டு ஆகிய மூன்றும் தனித்தனியாக மாற்றக்கூடியவை. முழு ஸ்டார்டரை வாங்குமுன் பழையதைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் வோல்ட்டைப் பாருங்கள். 24 வோல்ட் லொறிக்கு 12 வோல்ட் ஸ்டார்டர் பூட்டினால் எரிந்துவிடும். பற்களின் எண்ணிக்கையையும் போல்ட் துளைகளையும் பழையதோடு ஒப்பிடுங்கள். கடை மேசையில் வெறுமனே சுழல்வது எஞ்சினைச் சுழற்றும் என்பதற்கு அத்தாட்சியல்ல. பூட்டிப் பார்த்து, சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை பில்லில் எழுதி வாங்குங்கள்.

உதிரிப்பாகம் விற்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே தேய்ந்ததை வெளியே வெள்ளி நிறம் பூசி விற்பது வியாபாரத் தந்திரம் அல்ல. தானியக் குவியலின் உள்ளே கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று அந்த வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தை நாம் பல ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். காபன் பாதி தேய்ந்திருந்தால் அதைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதில் பரக்கத் உண்டு.

மாதத்துக்கு ஒரு மணித்தியாலம்

மாதத்துக்கு ஒருமுறை பெட்டரி டேர்மினல்களையும் ஏர்த் பட்டியையும் கழற்றித் துடைத்து இறுக்குங்கள். ரேடியோவுக்கும் போன் சார்ஜருக்கும் ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். அந்தப் பெட்டரி குறைவாகவும் மற்றது அதிகமாகவும் சார்ஜ் ஆகி, இரண்டும் கெடும். பெட்டரி மாற்றுவதானால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒரே தடவையில் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்டரைச் சுழற்ற வேண்டாம். இரண்டு நிமிடம் ஆறவிட்டுத் திரும்ப முயற்சி செய்யுங்கள். எஞ்சின் சுழன்றும் பிடிக்கவில்லையென்றால் டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், அதற்கு ஸ்டார்டரைத் தண்டிப்பதில் பயனில்லை.

ஒரு மல்டிமீட்டர், ஒரு சோடி தடித்த ஜம்ப் வயர், சில ஸ்பெனர்கள், சில்லுக்கு வைக்க இரண்டு மரக்கட்டைகள், ஒரு துண்டு சாண்ட் பேப்பர் ஆகியவை ஒவ்வொரு லொறியிலும் இருக்கட்டும். இவற்றுக்கான செலவு ஒரு ஹயரின் இலாபத்துக்குள் அடங்கிவிடும். லீசிங் தவணையை எண்ணி எண்ணி ஓட்டும் நம் சகோதரர்களுக்கு, ஒரு சுமை சரக்கை நேரத்தோடு சந்தையில் சேர்க்க அது உதவும், இன்ஷா அல்லாஹ்.