பத்தில் இரண்டு!



பத்து ஆட்டம் ஆடி இரண்டில் மட்டும் ஜெயித்த ஓர் அணியைப் பற்றி மலரில் எழுதணுமா என்று கேட்பீர்கள். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கால்பந்து நம்ம ஊர் ஃபுட்பால் அல்ல. பந்து முட்டை மாதிரி இருக்கும். கையால் வீசலாம், அணைத்துக்கொண்டும் ஓடலாம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் 6 புள்ளி.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து ஹன்டிங்டன் நகரில் மார்ஷல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1970 நவம்பர் 14 அன்று அதன் அணி வெளியூரில் ஆடிவிட்டு விமானத்தில் திரும்பியது. ஊர் வந்து சேரும் நேரத்தில் விமானம் விழுந்து நொறுங்கி 75 பேரும் மாண்டார்கள். அவர்களில் 37 பேர் ஆட்டக்காரர்கள். தலைமைப் பயிற்சியாளரும் போய்விட்டார்.

அணியையே கலைத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அந்த நிலையில், 1971-ல், ஜாக் லென்ஜெல் என்பவர் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். அதுவரை வூஸ்டர் என்ற சின்னக் கல்லூரியில் இருந்தவர். அந்தப் பயணத்துக்குப் போகாத சிலரும் அனுபவமில்லாத புதுப் பையன்களும்தான் அவருக்குக் கிடைத்தார்கள். முதலாமாண்டு மாணவர்கள் பிரதான அணியில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. மார்ஷலுக்கு அதிலிருந்து விலக்கு தரப்பட்டது.

பலம் குறைந்தவன் எப்படி ஆடுவது? லென்ஜெல் எடுத்தது 'வியர்' என்ற முறை. எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். பந்து வைத்திருப்பவன் ஓடிக்கொண்டே அவனைக் கவனிப்பான். அவன் தன்மேல் பாய்ந்தால் பந்தைப் பக்கத்தில் வருபவனிடம் தள்ளிவிடுவான். அவன் பக்கத்தாளைக் குறிவைத்தால் தானே பந்தோடு ஓடிவிடுவான். ஒருவனைத் தடுக்காததால் நம்மாள் ஒருத்தன் மிச்சம்! அவன் வேறு ஒருவனை மறிக்கலாம். ஆள்பலம் குறைந்த இடத்தில் மூளை வேலை செய்கிறது, அவ்வளவுதான். இந்த முறையைக் கற்க உதவியவர், அதே மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான வெஸ்ட் வர்ஜீனியாவின் பயிற்சியாளர் பாபி பௌடன். அடுத்த வீட்டுக்காரனுக்குத் தன் வித்தையைத் திறந்து காட்டிய மனசு பெரிய மனசு.

முதல் ஆட்டத்தில் 29-6 என்று தோல்வி. அடுத்தது செப்டம்பர் 25, சொந்த மைதானத்தில் சேவியர் அணியோடு. கடைசி முயற்சி, மார்ஷல் பின்தங்கியிருந்தது. ரெஜி ஆலிவர் பந்தை டெர்ரி கார்ட்னரிடம் வீசினார். முதலாமாண்டு மாணவரான கார்ட்னர் 13 கஜத்தையும் கடந்து கோட்டைத் தாண்டினார். 15-13! பிறகு பௌலிங் கிரீன் அணியை 12-10 என்று வென்றார்கள். மற்ற எட்டும் தோல்விதான்.

இன்றும் ஒவ்வொரு நவம்பர் 14 அன்றும் அந்த வளாகத்தின் நினைவு நீரூற்றை நிறுத்துகிறார்கள். வசந்தம் வந்த பிறகுதான் மறுபடி தண்ணீர் பாயும்.

நண்பர்களே, பட்டியலில் 2-8 என்றுதான் இருக்கும். நம்ம மார்க் ஷீட்டும் அப்படித்தானே? எவ்வளவு வாங்கினோம் என்று இருக்கும். எங்கிருந்து தொடங்கினோம் என்று இருக்காது. அதை நாமாவது மறக்காமல் இருப்போம்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்