கைபேசியும் மூன்று பிரதிகளும்

காரைக்கால்வாசிகளுக்கு ஒரு பாக்கியம் உண்டு. "உங்கள் பாட்டனார் பிறந்தது எந்த வருஷம்?" என்று மற்ற ஊர்களில் கேட்டால், "பெரிய புயல் ஒன்று அடித்ததே, அதற்கு முந்தின ஆடி மாதம்" என்று பதில் வரும். காரைக்காலிலோ பல குடும்பங்களில் அந்தச் சிரமமே இல்லை. தேதி, மாதம், வருஷம், சாட்சிகளின் பெயர் எல்லாம் கண்ட காகிதத்தை எடுத்து நம் முன் நீட்டிவிடுவார்கள்.

அவ்வூரின் விசித்திரமான சரித்திரமே இதற்குக் காரணம். காவிரி டெல்டாவின் கடலோரத்தில், அரசலாறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ள இந்தச் சிறு பிரதேசம் 1739-ம் வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. நடுவில் ஆங்கிலேயர் சில தடவை கைப்பற்றியதுண்டு. ஆனாலும் மறுபடி பிரெஞ்சுக்காரருக்கே திரும்பியது. 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்து, 1962-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படியும் பாரத தேசத்துடன் ஒன்றாயிற்று.

பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்ற பழக்கங்களுள் ஒன்று பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் முறை. அதில் நாம் கவனிக்கவேண்டிய விசேஷம் யாதெனில், பதிவேட்டை அவர்கள் ஒரே பிரதியாக எழுதுவதில்லை. 1804-ம் வருஷத்திய பிரெஞ்சு சிவில் சட்டம் இரண்டு பிரதிகள் வேண்டும் என்று விதித்தது. ஒன்று ஊர் நிர்வாகத்தில் இருக்கும்; மற்றொன்று நீதிஸ்தலத்துக்குப் போகும். கடல் கடந்த காலனிகளுக்கு இதுவும் போதாதென்று, 1776-ம் வருஷம் ஜூன் மாதத்திலேயே பதினாறாம் லூயி மன்னரின் கட்டளை ஒன்று பிறந்திருந்தது. அதன்படி இன்னொரு பிரதி கப்பலேறி பிரான்ஸ் தேசத்துக்குப் போகவேண்டும். அப்படிப் போன காரைக்கால் ஏடுகள், ஏக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் 1966-ம் வருஷத்தில் ஏற்பட்ட ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. பழைய ஏடுகள் பலவற்றை வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பார்க்கவும் முடிகிறது.

உப்புக் காற்றும் கரையானும் புயலும் யுத்தமும் உள்ள ஊரில் ஒரே பிரதி என்பது பிரதியே இல்லை என்று யாரோ அறிந்திருக்கிறார்கள். இதனால் வந்த பிரயோஜனம் கொஞ்சமல்ல. 1962-ல் ஒப்பந்தம் அமுலுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜையாக இருக்க விரும்பியவர்கள் தங்கள் முடிவைத் தெரிவிக்க ஆறு மாத காலம் அளிக்கப்பட்டது. அந்த உரிமையைப் பற்றிப் பிற்காலத்தில் பிள்ளைகளும் பேரர்களும் பேச நேர்ந்தபோதெல்லாம், கையிலிருந்த ஆதாரம் பாட்டனாரின் பிறப்புப் பதிவுதான்.

இன்றைய ஏடு எங்கே?

இப்பொழுது அதே வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். பெண்ணின் கல்யாணப் படங்கள் எங்கே? கைபேசியில். படகின் பதிவுச் சீட்டு, நிலத்தின் பட்டா, ஆதார் அட்டை இவற்றின் நகல்கள்? கைபேசியில். பாரிஸில் இருக்கும் பிள்ளைக்குப் பாட்டி அனுப்பிய "சாப்பிட்டாயா, அப்பா?" என்ற குரல்? அதுவும் கைபேசியில்தான். உள்ளங்கையளவுப் பெட்டியொன்றில் ஒரு குடும்பத்தின் ஏடு முழுவதும் அடங்கிவிட்டது. அதற்கு இருப்பதோ ஒரே பிரதி. கிணற்றடியில் ஒரு தரம் நழுவினால் போதும்; பஸ்ஸில் ஒருவன் கை நீண்டால் போதும்.

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலையில் கடல் பொங்கி வந்து காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய கடற்கரைக் கிராமங்களை அழித்ததை யாரும் மறந்திருக்கமுடியாது. போன உயிர்களுக்கு ஈடு ஏது? ஆனால் உயிர் தப்பியவர்களுக்குப் பிறகு ஒரு துக்கம் காத்திருந்தது. போனவர்களின் முகத்தைப் பார்க்கப் படம் இல்லை. ரேஷன் கார்டைச் சர்க்கார் மறுபடி எழுதித் தரலாம். தாயின் படத்தை எந்தச் சர்க்கார் எழுதித் தரும்?

ஆகையால் கைபேசியைக் கம்ப்யூட்டருடன் இணைத்து, உள்ளே இருப்பவற்றைப் பிரதி எடுத்து வைப்பது இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று பெரியவர்கள் எண்ணவேண்டாம். அது குடும்பக் காரியம். ஒரு சாயங்காலத்தில் செய்து முடிக்கக்கூடியதுமாகும்.

நான்கு கம்பிகள்

முதலில் வேண்டியது ஒரு கேபிள். 1996-ம் வருஷத்தில் வெளியான யு.எஸ்.பி. என்னும் முறையில், கேபிளுக்குள் நான்கு கம்பிகள் ஓடின: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. பிறகு வந்த வகைகளில் கம்பிகள் பெருகின, தத்துவம் மாறவில்லை. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் செய்திக் கம்பிகளே இருப்பதில்லை. அவற்றைச் செருகினால் சார்ஜ் ஏறும். கம்ப்யூட்டர் மட்டும் ஒன்றும் அறியாததுபோல் இருக்கும். "யந்திரம் கெட்டுவிட்டது" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கைபேசியோடு பெட்டியில் வந்த கேபிளை வைத்துச் சோதித்தால் பெரும்பாலும் விஷயம் விளங்கிவிடும்.

கேபிள் சரியாயிருந்தும் கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியவில்லையா? அது குற்றமல்ல, காவல். ஆண்ட்ராய்டு கைபேசி, பூட்டைத் திறந்து சொந்தக்காரர் அனுமதி கொடுக்கும்வரை மின்சாரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். திரையை மேலிருந்து கீழே இழுத்து, யு.எஸ்.பி. பற்றிய அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஐபோன், "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்று கேட்கும். நம் வீட்டுக் கம்ப்யூட்டரானால் ஆம் என்று சொல்லலாம்.

ஆதியில் வந்த ஆண்ட்ராய்டு கைபேசிகள் தங்கள் சேமிப்பு முழுவதையும் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும். 2011-ம் வருஷத்தை ஒட்டி அந்த முறை மாறியது. இப்பொழுது கைபேசி ஒரு நூல்நிலையத் தலைவரைப்போல் நடந்துகொள்கிறது. அலமாரிச் சாவியைக் கொடுப்பதில்லை; கேட்ட புஸ்தகத்தை மட்டும் தானே எடுத்துக் கொடுக்கிறது. அதனால்தான் ஆயிரக்கணக்கான படங்களை ஒரே மூச்சில் கேட்டால் சில சமயம் திணறி நின்றுவிடுகிறது. இருநூறு முந்நூறாகக் கேட்பதே புத்திசாலித்தனம்.

எதை எடுப்பது?

'டி.சி.ஐ.எம்.' என்று ஒரு பெட்டகம் தெரியும். காமிரா எடுத்த படங்களெல்லாம் அதில் இருக்கும். இறக்கிக்கொண்ட பத்திரங்கள் 'டவுன்லோடு' என்ற பெட்டகத்தில். வாட்ஸப்பில் வந்த படங்களும் குரல்களும், இப்போதைய ஆண்ட்ராய்டு கைபேசிகளில், 'ஆண்ட்ராய்டு' என்பதற்குள் 'மீடியா' என்பதற்குள் வாட்ஸப்பின் பெயரால் உள்ள பெட்டகத்தில் இருக்கும். பாட்டியின் குரல் அங்கேதான், 'வாய்ஸ் நோட்ஸ்' என்ற பெயரில்.

வாட்ஸப் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸப் சுருக்கிவிடுகிறது. கல்யாணப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்ட நினைப்பவர், எடுத்தவரிடமே கேட்டு, 'டாக்குமெண்ட்' என்ற வழியில் வாங்கிக்கொள்ளவேண்டும். இரண்டாவது, எழுத்துமூலமான சம்பாஷணைகள் ரகசிய எழுத்தில் பூட்டியிருப்பதால், அந்த ஃபைலைப் பிரதி எடுத்தாலும் கம்ப்யூட்டரில் வாசிக்கமுடியாது. முக்கியமான சம்பாஷணையை வாட்ஸப்புக்குள்ளேயே 'எக்ஸ்போர்ட்' செய்து, தனி ஃபைலாக வைத்துக்கொள்ளலாம். டெலிபோன் எண்களையும் அவ்வாறே 'வி.சி.எஃப்.' என்னும் ஒரே ஃபைலாக வெளியே எடுக்கலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-ம் வருஷம் முதல் ஐபோன் படங்கள் 'ஹெய்க்' என்ற புது உருவத்தில் சேமிக்கப்படுகின்றன. சில கம்ப்யூட்டர்கள் அவற்றைத் திறக்காமல் விழிக்கும். படம் பழுதல்ல, அதைத் திறக்கும் சாதனம்தான் வேண்டும்.

எடுக்கும்போது ஒரு விரதம் அனுஷ்டிக்கவேண்டும். 'கட்' கூடாது, 'காப்பி' மட்டுமே. இடம் காலியாகவேண்டும் என்ற அவசரத்தில் வெட்டி ஒட்டும்போது நடுவில் கேபிள் அசைந்தால், படம் இரண்டு பக்கத்திலும் இல்லாமல் போகலாம். பிரதி எடுத்து, எண்ணிப் பார்த்து, பத்துப் படங்களையாவது திறந்து பார்த்த பிறகே கைபேசியில் அழிக்கலாம்.

சேர்த்த படங்களுக்குப் பெயர் வைப்பதும் முக்கியம். வருஷமும் மாதமும் முன்னே வரட்டும்: '2024-06 மாங்கனித் திருவிழா' என்பதுபோல். கம்ப்யூட்டர் தானாகவே வரிசைப்படுத்திவிடும். தமிழில் எழுதினாலும் அது தாராளமாக ஏற்றுக்கொள்ளும்.

கண்ணாடி பிரதியாகாது

"எல்லாம் கூகிளில் தானாகவே ஏறிவிடுகிறதே; கேபிள் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2021-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி முதல் அங்கே ஏறும் படங்களெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட்டுக்குள் கணக்காகின்றன. கடிதங்களும் அதே கணக்கில்தான். நிறைந்த பிறகு படம் ஏறாது. அறிவிப்பை நாம் பார்க்காமல் தள்ளிவிட்டால், மாதக்கணக்கில் ஏறவில்லை என்பதே தெரியாது.

மற்றொன்று இன்னும் முக்கியம். கூகிள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால், கைபேசியில் மட்டுமல்ல, மேலே ஏறிய பிரதியும் சேர்ந்தே போகிறது. குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும். பிறகு அதுவும் இல்லை. குழந்தை விளையாட்டாகத் தட்டினாலும் அதே கதிதான். கண்ணாடியில் தெரியும் முகம் நாம் நகர்ந்தால் நகர்ந்துவிடுகிறதல்லவா? நம் செய்கை தொடாத இடத்தில் இருப்பதற்கே பிரதி என்று பெயர். கண்ணாடியும் இருக்கட்டும், அதை மட்டும் நம்பவேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம்.

மூன்றாவது பிரதி

படக் கலைஞர்களிடையே இக்காலத்தில் ஒரு சூத்திரம் வழங்குகிறது. அமெரிக்கரான பீட்டர் க்ரோ அதைப் பிரபலப்படுத்தினார். மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு விதமான சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். காரைக்கால் பதிவேட்டுக்காரர்கள் இதைக் கேட்டால், "எங்களுக்குத் தெரிந்ததுதானே!" என்பார்கள்.

கைபேசியில் இருப்பது முதல் பிரதி. வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டாவது. மூன்றாவதைத் தனி ஹார்ட் டிஸ்கில் எழுதி, சென்னையிலோ திருச்சியிலோ உள்ள அண்ணன் வீட்டில் கொடுத்துவைக்கலாம். ஒரு படம் 5 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்கில் சுமார் 2 லட்சம் படங்கள் அடங்கும். ஒரு குடும்பத்துக்கு இது பல வருஷங்களுக்குக் காணும். ஆனால் எந்த டிஸ்கும் சிரஞ்சீவியல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கவேண்டும். சில வருஷங்களுக்கு ஒரு தடவை புதிதில் மாற்றவேண்டும்.

கம்ப்யூட்டரே இல்லாத வீடுகள் பல உண்டு. அவர்களும் மனம் தளரவேண்டாம். கைபேசியில் நேரே செருகக்கூடிய பென் டிரைவ் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் பென் டிரைவை வருஷக்கணக்கில் மறந்து வைத்தால் உள்ளிருப்பது மங்கிவிடக்கூடும். அதனால் அதை மட்டுமே நம்புவது சரியல்ல.

இதற்காக அறியாத கடைக்காரரின் கம்ப்யூட்டரில் கைபேசியைச் செருகி, "எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிடப் போவது தகாது. குடும்பப் படங்களும் ஆதாரும் அந்தப் பெட்டியில் தங்கிவிடலாம். பொது இடங்களில் சார்ஜுக்காக வைத்திருக்கும் யு.எஸ்.பி. துளைகளின் வழியாகவும் திருட்டு நடக்கக்கூடும் என்று ரிசர்வ் பாங்கி 2022-ம் வருஷம் வெளியிட்ட எச்சரிக்கைப் புஸ்தகத்தில் சொல்லியிருக்கிறது. அங்கேயெல்லாம் சொந்த சார்ஜரே உத்தமம். அதேபோல், பழைய கைபேசியை விற்குமுன் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகு உள்ளிருப்பதை முழுவதும் அழித்துக் கொடுக்கவேண்டும்.

ஒரு யோசனை சொல்லி முடிக்கிறோம். மாதப் பிறப்பன்று வீட்டில் யாராவது ஒருவர் இந்த வேலையை ஏற்றுக்கொள்ளட்டும். பள்ளிக்கூடத்துப் பெண் செய்தால் இன்னும் விசேஷம். அவளுக்குக் கேபிளும் பெட்டகமும் மனப்பாடம். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, படத்தில் இருப்பவர் யார், எந்த உறவு, எந்த வருஷம் என்று சொல்லிக்கொண்டு வரட்டும்; பேத்தி அதைப் பெயராக எழுதட்டும். பெயர் இல்லாத படத்தை எத்தனை பிரதி எடுத்தாலும், நாற்பது வருஷத்துக்குப் பின் அது யாரோ ஒருவருடைய படம்தான்.